பழைய டாஸ் பிசியில் புதிய யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ், கேம்பேட்: முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து இறக்கிய 486 பிசி எப்படியோ உயிர் பெற்றுவிடும். பவர் சப்ளையில் படிந்த தூசியை ஊதி, மதர்போர்டில் கசிந்து பச்சை பூத்த பேட்டரியைக் கழற்றி, ரேமைப் பிடுங்கி மறுபடி செருகினால், திரையில் மெமரி எண்ணிக்கை ஓட ஆரம்பிக்கும். அப்புறம்தான் சிக்கல் தெரியும்: தட்டுவதற்குக் கீபோர்டு இல்லை. பெட்டியைப் பத்திரமாக வைத்த வீடுகளில்கூடக் கீபோர்டும் மவுஸும் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். வீட்டில் இருப்பதெல்லாம் யுஎஸ்பி.

இரண்டையும் சேர்த்து வைக்க முடியும். ஆனால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்து இறங்கினால் பணமும் போகும், சில நேரம் மதர்போர்டும் போகும். நான் இங்கே பெரும்பாலும் பேசப்போவது 286 முதல் பென்டியம் 3 வரையிலான ஐபிஎம் வகை பிசிக்களைப் பற்றி. மற்ற இயந்திரங்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் உண்டு.

பிளக் பொருந்தினாலும் பேச்சு பொருந்தாது

ஏ என்ற விசையை அழுத்துகிறீர்கள். யுஎஸ்பி கீபோர்டு அதற்கு 4 என்ற எண்ணைச் சொல்லும். 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி வகைக் கீபோர்டு 28 என்று சொல்லும். அதற்கு முன்பு, 1981-ன் முதல் ஐபிஎம் பிசியோடு வந்த கீபோர்டு (எக்ஸ்டி வகை) 30 என்று சொல்லும். விசையை விடும்போது பழையது 158 என்று ஒரே எண்ணில் முடிக்கும். ஏடி 240, 28 என்று இரண்டு எண்களாக அனுப்பும். எல்லாம் பதின்ம எண்ணில் சொல்கிறேன்.

எண்கள் வேறாக இருப்பது சின்ன விஷயம். பெரிய வித்தியாசம், யார் முதலில் வாய் திறப்பது என்பது. பழைய கீபோர்டு தானே தாளம் காட்டும் கிளாக் துடிப்பை உருவாக்கி, விசை அழுத்தப்பட்ட உடனே கணினியிடம் போய்ச் சொல்லும். யுஎஸ்பி கீபோர்டு கேட்டால்தான் பேசும். கணினி விடாமல் ‘ஏதாவது இருக்கிறதா, ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து வரிசையாக விழுகிறதே, அதையும் பழைய காலத்தில் கீபோர்டே செய்தது. யுஎஸ்பியில் அது கணினியின் வேலை. ஆக, யுஎஸ்பி கீபோர்டு பழைய பிசியோடு சேர்ந்தால் இரண்டு பக்கமும் மற்றவருக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கும். நடுவில் ஒரு சின்ன மூளை உட்கார்ந்து, ஒரு பக்கம் யுஎஸ்பி கீபோர்டைக் கேட்டுக்கொண்டும் மறுபக்கம் தானே ஒரு பழைய கீபோர்டு போல நடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். அதுதான் கன்வெர்ட்டர்.

அப்படியானால் கடையில் விற்கும் ஊதா, பச்சை நிறக் குட்டி அடாப்டர்கள் என்ன? அவற்றுக்குள் வெறும் கம்பிதான். 2000-ஐ ஒட்டி வந்த சில யுஎஸ்பி கீபோர்டுகளுக்கு பிஎஸ்/2 என்ற பழைய வட்டத் துளையின் மொழியும் தெரியும். அவற்றோடு மட்டும் இந்த அடாப்டர் வேலை செய்யும். இன்றைய கீபோர்டுகள் பலவற்றுக்கு, முக்கியமாக விலை உயர்ந்த கேமிங் வகைகளுக்கு, அந்த மொழி தெரியாது. வீட்டில் அப்படி ஒரு அடாப்டர் கிடந்தால் பழைய ஆபீஸ் கீபோர்டு ஒன்றோடு முயன்று பாருங்கள். வேலை செய்தால் அதிர்ஷ்டம். அதற்கென்று புதிதாக வாங்காதீர்கள்.

முதல் படி: பின்பக்கத்தைப் பார்ப்பது

கீபோர்டு துளை பெருவிரல் அகலம், அரைவட்டத்தில் 5 ஓட்டை என்றால் அது டின் சாக்கெட். எக்ஸ்டி, ஏடி இரண்டு வகைக்கும் இதே சாக்கெட்தான், இதுதான் குழப்பமே. 8088 பிராசஸர் உள்ள பெட்டி என்றால் எக்ஸ்டி மொழி, 286 முதல் ஏடி மொழி என்று எடுத்துக்கொள்ளலாம். எக்ஸ்டி ஒருவழிப் பாதை. கணினி கீபோர்டுக்கு எதையும் சொல்லாது. ஏடி இருவழி.

சிறிய வட்டத்தில் 6 ஓட்டை என்றால் பிஎஸ்/2. ஐபிஎம் 1987-ல் கொண்டுவந்தது. கீபோர்டைப் பொறுத்தவரை இது ஏடி மொழியேதான், பிளக் மட்டும் குட்டியானது. அதனால் பெரிய டின்னிலிருந்து பிஎஸ்/2-க்கு மாற்றும் அடாப்டர், வெறும் கம்பியாக இருந்தாலும், சரியாக வேலை செய்யும். இது ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். பிஎஸ்/2-க்கு ஒரு கன்வெர்ட்டர் செய்தால் 286-க்கும் அதுவே போதும்.

பென்டியம் 2, 3 பெட்டிகளில் யுஎஸ்பி துளையே இருக்கலாம். அப்படி இருந்தால் கன்வெர்ட்டர் வாங்கும் முன் பயாஸுக்குள் (பிசி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) போய் ‘யுஎஸ்பி லெகசி சப்போர்ட்’ அல்லது ‘யுஎஸ்பி கீபோர்டு சப்போர்ட்’ என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதை இயக்கினால் பயாஸே நடுவில் நின்று யுஎஸ்பி கீபோர்டைப் பழைய கீபோர்டு போலக் காட்டும், டாஸிலும் தட்டலாம். விண்டோஸ் 98-க்குத் தானாகவே யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் புரியும். ஆனால் பயாஸுக்குள் போகவே ஒரு கீபோர்டு வேண்டும் என்பதால் யாரிடமாவது ஒரு பிஎஸ்/2 கீபோர்டைக் கடன் வாங்க வேண்டியிருக்கும். சில டாஸ் விளையாட்டுகள் கீபோர்டு சிப்போடு நேரடியாகப் பேசும்; அவை இந்த நடிப்பில் தடுமாறினால் கன்வெர்ட்டர்தான் வழி.

இரண்டாம் படி: மல்டிமீட்டர்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு ஃபியூஸ் தேடி அலைகிறார்கள். நானும் அலைந்தவன்தான்: இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கீபோர்டைப் பிடுங்கிச் செருகி, துளையில் மின்சாரமே இல்லாமல் செய்துகொண்டேன். யுஎஸ்பி பழக்கத்தில் வளர்ந்த கைக்கு இது புரியாது. டின், பிஎஸ்/2 இரண்டையுமே ஓடும்போது செருகக் கூடாது. பவர் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சற்றுப் பிந்தைய ஏடிஎக்ஸ் வகைப் பெட்டிகளில் சுவரிலிருந்தே வயரைப் பிடுங்குங்கள், ஏனென்றால் அணைந்திருக்கும்போதும் உள்ளே 5 வோல்ட் ஓடும்.

டின் சாக்கெட்டில் எண்களை நினைவில் வைக்க முயலாதீர்கள். முன்னால் இருந்து பார்த்தால் ஒரு வரிசை, பின்னால் இருந்து பார்த்தால் அதன் கண்ணாடிப் பிம்பம். பாதிப் பேர் இதில்தான் தவறுகிறார்கள். இப்படி நினைவில் வையுங்கள்: நடுவில் இருப்பது டேட்டா. அதன் இருபுறமும் கிரவுண்டும் 5 வோல்ட்டும். கிரவுண்டுக்கு அடுத்த ஓரத்தில் இருப்பது கிளாக். 5 வோல்ட்டுக்கு அடுத்த ஓரம் மிகப் பழைய பிசியில் ரீசெட், மற்றவற்றில் வேலையற்றது. ஆகவே மின்சாரம் இல்லாதபோது மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தத்தில் வைத்து, ஒரு முனையைப் பெட்டியின் உலோகத்தில் தொட்டு, நடுவுக்கு இருபுறமும் உள்ளவற்றில் எது கத்துகிறது என்று பாருங்கள். கத்துவது கிரவுண்டு. மற்ற நான்கும் தானாக அதன் அதன் இடத்தில் வந்து விழும்.

பிறகு இயந்திரத்தை இயக்கி, 5 வோல்ட் இருக்கிறதா என்று அளங்கள். டேட்டா, கிளாக் இரண்டிலும்கூட ஏறத்தாழ 5 வோல்ட் காட்டும், ஏனென்றால் இரண்டும் மின்தடை வழியாக மேலே இழுத்துக் கட்டப்பட்டவை. அதனால் வோல்ட்டை மட்டும் பார்த்து எது எது என்று முடிவு செய்யாதீர்கள். 5 வோல்ட் முனையில் பூஜ்யம் என்றால் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, எஃப் என்ற எழுத்துடன், ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். அது போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பிஎஸ்/2-வில் 1 டேட்டா, 3 கிரவுண்டு, 4 என்பது 5 வோல்ட், 5 கிளாக். 2, 6 காலி. செத்துப்போன பிஎஸ்/2 கீபோர்டின் வயரை வெட்டி எடுத்துக்கொள்வது மலிவு வழி. ஆனால் உள்ளே இருக்கும் நிறங்களை நம்பாதீர்கள். சிவப்பு கிரவுண்டாக இருந்த வயரையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் பீப் வைத்துச் சோதித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு மின்சாரம் குடிக்கும்?

பிஎஸ்/2 துளை தருவதாகச் சொல்லப்படும் அளவு 275 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி துளை 500 வரை தரலாம் என்பதால், இன்றைய கீபோர்டு தயாரிப்பவர் அதையே கணக்கில் வைத்து வானவில் விளக்குகளைப் பதித்திருப்பார். அந்தக் கீபோர்டை 1992-ன் மதர்போர்டில் மாட்டினால் ஃபியூஸுக்கு நல்லதல்ல. யுஎஸ்பி மின்னோட்டத்தை அளக்கும் குட்டி மீட்டர் ஒன்று வாங்கி, இன்றைய கணினியில் கீபோர்டை மாட்டி, எல்லா விளக்கும் எரியும்போது அளந்து பாருங்கள். 100-க்குள் இருந்தால் கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் வேறு கீபோர்டு பாருங்கள். கீபோர்டு, மவுஸ், கன்வெர்ட்டர் மூன்றும் ஒரே துளையிலிருந்து குடித்தால் மூன்றையும் கூட்ட வேண்டும்.

வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுப்பதென்றால் ஒரு விதி: இரண்டு பக்கத்துக் கிரவுண்டும் சேர வேண்டும், இரண்டு பக்கத்து 5 வோல்ட்டும் சேரவே கூடாது.

என் சிபாரிசு எளிமையானது. விளக்கில்லாத, வயருள்ள, கடையிலேயே மலிவான கீபோர்டு. பழைய இயந்திரத்துக்குப் பொருத்தமான தோற்றமும் அதற்குத்தான் இருக்கும்.

நான்காம் படி: எந்தக் கன்வெர்ட்டர்?

சாலிடர் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு ஹிட்மேன். இது திறந்த மூல வடிவமைப்பு. சிஎச்559 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப்பைச் சுற்றிக் கட்டப்பட்டது. யுஎஸ்பி கீபோர்டை எக்ஸ்டி, ஏடி, பிஎஸ்/2 மொழிகளிலும், யுஎஸ்பி மவுஸை பிஎஸ்/2, சீரியல் மொழிகளிலும் பேச வைக்கும். 8088 பெட்டி வைத்திருப்பவர்கள் நேராக இதற்கே போகலாம்.

செலவைக் குறைத்து, கையால் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ராஸ்பெர்ரி பை பிகோ என்ற குட்டிப் பலகையும், அதில் பதிக்கும் நிரலான பிஎஸ்2எக்ஸ்2பிகோ என்ற இலவச ஃபர்ம்வேரும். அதைத்தான் அடுத்து விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, யுஎஸ்பி4விசி. முழு ராஸ்பெர்ரி பை கணினியே உள்ளே ஓடும். புளூடூத்தும் கேம்போர்ட்டும்கூட (ஜாய்ஸ்டிக் செருகும் பழைய துளை) அதில் உண்டு. ஆனால் அதுவே ஒரு லினக்ஸ் கணினி என்பதால் அது எழுந்திருக்கும் முன் 486 கீபோர்டைத் தேடிவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம். கேம்பேட்தான் உங்கள் முக்கிய நோக்கம் என்றால் இதைப் பாருங்கள். கீபோர்டுக்கு மட்டும் இது தேவையில்லை.

ஐந்தாம் படி: பிகோவில் கட்டுவது

தேவை: ஒரு பிகோ, 4 சேனல் லெவல் ஷிஃப்டர் பலகை ஒன்று, கீபோர்டை பிகோவில் செருக மைக்ரோ யுஎஸ்பி ஓடிஜி அடாப்டர் ஒன்று, வெட்டிய பிஎஸ்/2 வயர். சென்னையில் ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும், இல்லாவிட்டால் ஆன்லைன்.

லெவல் ஷிஃப்டர் எதற்கு? பிகோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட்டைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் உறுதி சொல்லவில்லை. நேரடியாக மாட்டி ‘எனக்கு வேலை செய்கிறதே’ என்று சொல்பவர்கள் உண்டு. அது இன்றைக்கு வேலை செய்கிறது, அவ்வளவுதான். இருதிசையிலும் போகக்கூடிய, சிறு மாஸ்ஃபெட்கள் வைத்த வகையே வேண்டும். ஒரு திசை மட்டும் போகிற சிப் வாங்கினால் கீபோர்டு பேசும், கணினி சொல்வது கேட்காது.

முதலில் ஃபர்ம்வேர். பிகோவின் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே இன்றைய கணினியில் செருகினால் ஒரு பென் டிரைவ் போலத் தெரியும். யுஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் தானே பதிந்து மறுபடி எழும். கழற்றிவிடுங்கள்.

இப்போது வயரிங். கணினியிலிருந்து வரும் 5 வோல்ட், பிகோவின் 40-வது காலான விபஸுக்கும் ஷிஃப்டரின் 5 வோல்ட் பக்கத்து எச்வி முனைக்கும் போக வேண்டும். பிகோவின் யுஎஸ்பி துளைக்கு மின்சாரம் விபஸ் வழியாகத்தான் போகும். அதனால்தான் கீபோர்டும் உயிர் பெறுகிறது. கிரவுண்டு மூன்று இடத்திலும் சேர வேண்டும்: கணினி, பிகோ, ஷிஃப்டர். டேட்டாவும் கிளாக்கும் ஷிஃப்டரின் 5 வோல்ட் பக்கம் நுழைந்து 3.3 பக்கம் வெளியே வந்து பிகோவுக்குப் போகும். எந்தக் காலுக்கு என்பதை நீங்கள் இறக்கிய ஃபர்ம்வேரோடு வரும் படத்தைப் பார்த்தே மாட்டுங்கள். பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து மாட்டாதீர்கள்.

மாட்டி முடித்ததும் கணினியில் செருகும் முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒருமுறை பீப் வைத்துப் பாருங்கள். கத்தினால் எங்கோ ஷார்ட். ஒரு நிமிட வேலை. ஒரு மதர்போர்டின் ஆயுள்.

இன்னொன்று: கணினியில் மாட்டியிருக்கும்போது பிகோவின் யுஎஸ்பி துளையை லேப்டாப்போடு இணைக்காதீர்கள். இரண்டு 5 வோல்ட்டும் மோதும்.

ஆறாம் படி: முதல் பூட்

எல்லாம் மாட்டிய பிறகே பவர். பிசி எழும்போது கீபோர்டு சோதனை செய்துகொண்டு ‘நலம்’ என்பதற்கு 170 என்ற எண்ணை அனுப்பும் என்று பயாஸ் எதிர்பார்க்கும். கன்வெர்ட்டர் தாமதித்தால் திரையில் அந்தப் புகழ்பெற்ற வாசகம் வரும்: கீபோர்டு எரர், தொடர எஃப்1-ஐ அழுத்தவும். கீபோர்டே இல்லை என்பவனிடம் கீபோர்டை அழுத்தச் சொன்ன அந்தப் புண்ணியவானை நினைத்துச் சிரித்துவிட்டு, ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். ரீசெட்டில் மின்சாரம் போகாது. கன்வெர்ட்டர் ஏற்கெனவே விழித்திருக்கும். ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால் அவார்டு பயாஸில் ‘ஹால்ட் ஆன்’ என்ற இடத்தில் கீபோர்டைத் தவிர மற்றவற்றுக்கு மட்டும் நிற்கும்படி மாற்றலாம்.

அடுத்து நம்லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்: விளக்கை எரியச் சொல்வது கணினி, ஆகவே இருதிசைப் பேச்சும் நடக்கிறது. எழுத்து விழுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ஷிஃப்டரைச் சந்தேகியுங்கள். எக்ஸ்டியில் இந்தச் சோதனை செல்லாது.

எதுவுமே வரவில்லையா? டேட்டாவும் கிளாக்கும் இடம் மாறியிருக்கும். இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இடம் மாற்றினால் எதுவும் எரிந்துபோகாது, துணிந்து மாற்றிப் பாருங்கள். பிகோ ஓடுகிறது, ஒரு குறிப்பிட்ட கீபோர்டு மட்டும் தெரியவில்லை என்றால் அந்தக் கீபோர்டு தன்னைக் கீபோர்டு, மவுஸ், மீடியா பொத்தான் என்று மூன்று நான்கு சாதனமாக அறிமுகப்படுத்திக்கொள்ளும் வகையாக இருக்கலாம். மலிவான ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

மவுஸ்

பிஎஸ்/2 மவுஸ் துளை இருந்தால் கீபோர்டு போலவே, அதே நான்கு முனைகள். டாஸில் டிரைவர் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கியூட்மவுஸ் போதும், சக்கரமும் வேலை செய்யும். பிஎஸ்/2 மவுஸுக்கு ஐஆர்க்யூ 12 என்ற குறுக்கீட்டுத் தடம் வேண்டும். சவுண்டு கார்டோ நெட்வொர்க் கார்டோ அதைப் பிடித்து வைத்திருந்தால் அம்புக்குறி அசையாது.

பெரும்பாலான 386, 486-களில் மவுஸுக்கு சீரியல் துளைதான். மைக்ரோசாஃப்ட் வகை மவுஸ் நொடிக்கு 1200 பிட் வேகத்தில், ஒரு அசைவுக்கு 3 பைட் அனுப்பும். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்களோடு 9 பிட். ஆக நொடிக்கு 44 அசைவுதான் சொல்ல முடியும். நொடிக்கு 1000 முறை பேசும் கேமிங் மவுஸின் பேச்சைக் கன்வெர்ட்டர் கூட்டிச் சுருக்கி அந்தச் சந்துக்குள் தள்ள வேண்டும். அம்பு தாவித் தாவி ஓடினால் மவுஸின் டிபிஐயை (அசைவின் நுணுக்க அளவு) 400-க்கோ 800-க்கோ இறக்குங்கள்.

அந்தக் காலத்துச் சீரியல் மவுஸ், துளையின் கட்டுப்பாட்டுக் கம்பிகளிலிருந்தே மின்சாரம் உறிஞ்சிக்கொண்டது. யுஎஸ்பி மவுஸுக்கும் கன்வெர்ட்டருக்கும் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 5 வோல்ட்டைக் கீபோர்டு துளையிலிருந்தோ வெளியிலிருந்தோ எடுக்க வேண்டும். சீரியல் கம்பிகளில் கூட்டல் கழித்தல் 12 வோல்ட் வரை போகும் என்பதால் பிகோவை நேராக அங்கே மாட்டினால் அது அன்றோடு சரி. நடுவில் மேக்ஸ்232 வகைச் சிப் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் மவுஸ் தெரியவில்லை என்றால் மதர்போர்டிலிருந்து பின்பக்கத்துக்கு வரும் 10 முனை ரிப்பன் வயரைப் பாருங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அதில் இரண்டு வகை வயரிங் உண்டு.

கேம்பேட்

சவுண்டு கார்டின் 15 முனைத் துளைக்குள் கேம்பேட் மொழி என்று ஒன்றுமே இல்லை. ஜாய்ஸ்டிக் என்பது பூஜ்யம் முதல் 100 கிலோ ஓம் வரை மாறும் மின்தடை. விளையாட்டு நிரல் ஒரு கெப்பாசிட்டரை ஏற்றச் சொல்லிவிட்டு, அது நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணும். எண்ணிக்கைதான் ஜாய்ஸ்டிக்கின் நிலை. பிராசஸர் வேகமானால் எண்ணிக்கையும் மாறும். அதனால்தான் ஒவ்வொரு விளையாட்டும் ‘மூலைக்குத் தள்ளு, நடுவில் விடு’ என்று அளவெடுத்தது. இதை யுஎஸ்பி கேம்பேட்டால் நடிக்க வைக்க டிஜிட்டலாக மாறும் மின்தடை வேண்டும். யுஎஸ்பி4விசி போன்றவைதான் அதற்கு. விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு இந்தச் செலவு தகும்.

ஓடித் தாண்டும் விளையாட்டுக்குத் தகாது. கேம்பேட் பொத்தானைக் கீபோர்டு விசையாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் இருந்தால் அம்பு விசை, கன்ட்ரோல், ஆல்ட் மூன்றையும் பொத்தான்களில் வைத்து நிம்மதியாக விளையாடலாம். அளவெடுக்கும் தொல்லையும் இல்லை. வாங்கும் முன் ஒன்று பாருங்கள்: எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேட், யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் பேசும் பொதுவான எச்ஐடி மொழியில் பேசாது, அதற்கென்று தனி ஆதரவு வேண்டும். பிளேஸ்டேஷனின் டூயல்ஷாக் 4 எச்ஐடியாகவே தெரியும்.

பிசி அல்லாதவை

1987 முதல் 1998 ஐமேக் வரும் வரையிலான மேக்குகளில் ஏடிபி என்ற 4 முனைத் துளை. ஒரே ஒரு டேட்டா கம்பியில் கீபோர்டும் மவுஸும் சேர்ந்து பேசும். வாம்பேட் என்ற கன்வெர்ட்டர் இரண்டு திசையிலும் மாற்றும்: யுஎஸ்பி கீபோர்டைப் பழைய மேக்குக்கும், ஏடிபி கீபோர்டைப் புதிய கணினிக்கும். ஏடிபியையும் ஓடும்போது செருகக் கூடாது.

அமிகா, அட்டாரி எஸ்டி இரண்டிலும் 9 முனைத் துளை ஒன்றுபோல் இருக்கும், மவுஸ் முனைகள் மட்டும் இடம் மாறியிருக்கும். மவுஸ்டர் என்ற குட்டி அடாப்டர் யுஎஸ்பி மவுஸையும் கேம்பேட்டையும் இவற்றுக்கு மாற்றித் தரும். கமடோர் 64-லும் அதே வடிவத் துளைதான். ஆனால் அதன் கையேட்டின்படி அந்தத் துளை தருவது அதிகபட்சம் 50 மில்லி ஆம்பியர். விளக்கு மின்னும் கேமிங் மவுஸை அங்கே மாட்டும் முன், மூன்றாம் படியில் வாங்கிய அந்தக் குட்டி மீட்டரை இன்னொரு முறை எடுங்கள்.